மனநோயும் கிராமப் பஞ்சாயத்தும்

வெள்ளிக்கிழமைதோறும் குந்தாரப்பள்ளியில் கூடும் சந்தையை அறியாத குடியானவர் கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இலர். ஆடு வாங்க வருகிறவர் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். முதுகைத் தடவிப் பார்க்கிறார். இரை எடுக்காமல் ஒதுங்கி நிற்கும் ஆட்டைக் கண்டதும், அதற்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுகிறார். வீட்டு மாடு இரண்டு வேளை அசை போடாவிட்டால் கால்நடை டாக்டருக்கு உடனே ஆள் போகிறது. இதில் யாரும் வெட்கப்படுவதில்லை, யாரிடமும் மறைப்பதுமில்லை.

ஆனால் அதே வீட்டில் ஒரு வாலிபன் பல நாட்களாக உறங்காமல், உண்ணாமல், தனக்குத்தானே பேசிக்கொண்டு ஒதுங்கி நின்றால் நாம் என்ன செய்கிறோம்? கதவைச் சாத்துகிறோம். உறவினர் கேட்டால் வெளியூர் போயிருக்கிறான் என்கிறோம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் காட்டுகின்ற அக்கறையை மனிதனுக்குக் காட்டத் தயங்குவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சம். மற்றொன்று, இதற்கு வைத்தியம் பார்க்க ஏராளமான பணம் வேண்டியிருக்குமே என்ற கவலை.

இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. மனநோய்க்கு மருந்து உண்டு. கையில் காசும் காப்பீட்டு அட்டையும் இல்லாத குடும்பத்திற்கும் அம்மருந்து கிடைக்கும். கிடைத்த மருந்து இடையில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் கடினம். அதை டாக்டர் ஒருவரால் மட்டும் செய்ய இயலாது. ஊரும் சேர்ந்தால்தான் ஆகும்.

நமது ஊரில் எத்தனை பேர்?

பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிலையத்தார் (நிம்ஹான்ஸ்) 2015–16ஆம் ஆண்டில் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் ஒரு கணக்கெடுப்பை நடத்தினர். பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகமானோர் ஏதேனும் ஒரு மனநோயால் துன்புறுகின்றனர் என்பது அதன் முடிவு. கடுமையான மனநோய் உள்ளோர் ஆயிரத்துக்கு 8 பேர்.

இக்கணக்கை நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். வயது வந்தோர் 3,000 பேர் உள்ள ஒரு பஞ்சாயத்தில் 300 பேருக்கு மேல் ஏதோ ஒரு வகையில் மனநோய் உடையவர்கள். அவர்களுள் ஏறக்குறைய 24 பேருக்குக் கடுமையான நோய். இது சராசரிக் கணக்கே; ஒவ்வோர் ஊரிலும் எண்ணிக்கை சிறிது கூடலாம், குறையலாம். ஆயினும் "எங்கள் ஊரில் அப்படி ஒருவரும் இல்லை" என்று எந்தப் பஞ்சாயத்தும் சொல்வதற்கில்லை. நோய் உள்ளோரில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சையே பெறவில்லை என்பதையும் அதே கணக்கெடுப்பு காட்டியது. நோயின் வகையைப் பொறுத்து நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சைக்கு வெளியே நின்றனர்.

நோயை அறிவது எப்படி?

பிறர் காதில் விழாத குரல் தன் காதில் விழுவதாகச் சொல்லுதல். எல்லோரும் தனக்குத் தீங்கு நினைக்கிறார்கள் என்று அஞ்சுதல். குளியல், உணவு, உறக்கம் ஆகியவற்றை மறத்தல். காரணமின்றி மிகையாகப் பேசுதல், செலவழித்தல், சினத்தல் ஆகியவை கடுமையான மனநோயின் அடையாளங்கள்.

இன்னொரு வகை நோய் சத்தமின்றி வரும். இரண்டு வாரங்களுக்கு மேல் நீங்காத சோர்வு, எதிலும் நாட்டமின்மை, விடியுமுன் விழிப்பு, காரணமற்ற உடல்வலி, "நான் இருந்து யாருக்கு என்ன பயன்" என்ற பேச்சு ஆகியவை மனச்சோர்வு நோயின் அறிகுறிகள். பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கும், கடன்பட்ட விவசாயிக்கும், ஒசூர்ப் பகுதித் தொழிற்சாலைகளில் இரவு வேலை பார்த்து உறக்கம் கெட்ட இளைஞர்களுக்கும் இது வரக்கூடும். இதனைச் சோம்பல் என்றோ, திமிர் என்றோ கருதி ஏசுவது நோயை வளர்க்கும்.

குடிப்பழக்கத்திலிருந்து மீள முடியாமையும் சிகிச்சைக்குரிய நோயே. வலிப்பு நோய் மூளையைச் சேர்ந்தது. அதற்கும் அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரை உண்டு.

ஆடு விற்ற பணம் போகும் வழி

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். கேழ்வரகும் சிறிது மாந்தோப்பும் உள்ள குடியானவர். மகன் தொழிற்சாலையில் தினக்கூலி. அவன் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மூலையில் உட்காருகிறான். தகப்பனார் சந்தையில் இரண்டு ஆடுகளை விற்று மந்திரிக்கச் செல்கிறார். குணமில்லை. மறுமாதம் இன்னும் இரண்டு ஆடுகள். நகரத்தில் ஒரு தனியார் டாக்டர். மாத்திரை ஒரு மாதத்திற்கு வாங்குகிறார். பையன் உறங்குகிறான், உண்கிறான், சிரிக்கிறான். குணமாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துகிறார்கள். சில மாதங்களில் நோய் முன்னினும் கடுமையாகத் திரும்புகிறது. இப்போது விற்க ஆடு இல்லை, வட்டிக்குக் கடன். "கலியாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும்" என்று உறவினர் சொல்லுகின்றனர். ஒன்றும் அறியாத ஒரு பெண்ணின் வாழ்வும் இதில் சிக்குகிறது. கடைசியில் மாட்டுக்கொட்டகையில் ஒரு சங்கிலி.

இக்குடும்பம் மகனிடத்தில் அன்பு இல்லாத குடும்பம் அன்று. எங்கே செல்வது என்று அதற்குத் தெரியவில்லை. மருந்தை நிறுத்தலாகாது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. இவ்வளவு பணமும் வீணானது இந்த இரண்டு காரணங்களால்தான்.

சட்டம் தரும் உரிமை

ஏர்வாடியில் 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்பி ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். நாட்டையே உலுக்கிய அந்நிகழ்ச்சியை நாம் மறக்கலாகாது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் முதல் நடைமுறையில் இருந்துவருகிறது. அதன் 95ஆம் பிரிவு, மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கலாகாது எனத் தடை செய்கிறது. 18ஆம் பிரிவு, அரசாங்கம் நடத்தும் அல்லது அரசாங்கப் பணத்தில் நடைபெறும் மனநல நிலையங்களில் சிகிச்சை பெறும் உரிமையை எல்லோருக்கும் அளிக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு அங்கே சிகிச்சை இலவசம். அதற்குரிய அட்டை கையில் இல்லை என்று சொல்லி அவர்களைத் திருப்பியனுப்பக் கூடாது என்பதையும் சட்டம் தெளிவாகவே சொல்லுகிறது. ஆகவே இலவச சிகிச்சை தருமமாகக் கிடைப்பதன்று; உரிமையாகக் கிடைப்பது.

காப்பீடு இல்லாதவர்கள் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்துப் பெறும் சிகிச்சைக்கே பயன்படுவன. மனநோயாளிகளில் பெரும்பாலோர்க்குப் படுக்கை தேவைப்படுவதில்லை. அவர்களுக்கு வேண்டுவன டாக்டரின் ஆலோசனையும், மாதந்தவறாத மாத்திரையும், வீட்டாரின் ஆதரவுமே. இவற்றைப் பெற அரசாங்க ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் சீட்டு ஒன்றே போதும். தொழிற்சாலையில் பதிவு பெற்ற தொழிலாளர்கள் இ.எஸ்.ஐ. மருத்துவ நிலையத்தையும் நாடலாம்.

எங்கே செல்வது?

முதற்படி, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம். கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொன்னாலே வழி பிறக்கும். மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் தொடங்கப்பட்டது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் மாத்திரை கொண்டு வீடு வீடாக வரும் பெண் ஊழியரிடம், வீட்டில் உறங்காமல் தவிப்பவரைப் பற்றியும் தயங்காமல் கூறலாம்.

இரண்டாம் படி, மாவட்ட மனநலத் திட்டம். 1996இல் இத்திட்டம் நாட்டில் முதன்முதலாகத் தொடங்கப்பட்ட மாவட்டங்களுள் நமது திருச்சிராப்பள்ளியும் ஒன்று. இன்று தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் இது நடைபெறுகிறது. மனநல டாக்டர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோர் கொண்ட குழு மாவட்ட ஆஸ்பத்திரியிலும், குறித்த நாட்களில் வட்ட ஆஸ்பத்திரிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் நோயாளிகளைப் பார்க்கிறது. எந்த நாளில் எந்த ஊருக்கு வருகிறார்கள் என்பதைப் பஞ்சாயத்தார் கேட்டறிந்து எழுதிவைத்துக்கொள்ளவேண்டும். போலுப்பள்ளியில் 2022இல் திறக்கப்பட்ட அரசாங்க மருத்துவக் கல்லூரியும், ஒசூர் அரசாங்க ஆஸ்பத்திரியும் நமக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளன.

மூன்றாம் படி, சிக்கலான நோய்களுக்கு நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி. நமது ஊர் வழியே செல்லும் நெடுஞ்சாலையில் ஒசூரைக் கடந்து போனால், பெங்களூரில் ஒசூர்ச் சாலையிலேயே அது இருக்கிறது. மாநில வேறுபாடின்றி அங்கே நோயாளிகளை ஏற்றுக்கொள்ளுகின்றனர். நமது எல்லைப்புறத்தில் தமிழுடன் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழிகளாக உள்ளன. நோயாளி எம்மொழியில் மனம்விட்டுப் பேசுவாரோ அம்மொழியிலேயே அவரைப் பேசவிடுங்கள்.

இவையன்றி, 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் தொலைபேசி வழியே மனநல ஆலோசனை பெறலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இச்சேவைக்குக் கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்வதைப் பற்றிப் பேசினால் அதை விளையாட்டென்று தள்ளாதீர்கள். அவரைத் தனியே விடாமல், பூச்சிமருந்தை வேறிடத்தில் பூட்டிவைத்து, இவ்வெண்ணுக்கோ 108க்கோ தெரிவியுங்கள். விவசாயி வீட்டில் பூச்சிமருந்துக்கு எப்போதுமே பூட்டு வேண்டும்; மனங்கலங்கிய அந்த ஒரு நாழிகை கடந்துவிட்டால் உயிர் பிழைக்க வழியுண்டு.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போகவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வேண்டுதல் மனத்துக்கு ஆறுதல் தரும். ஏர்வாடி தர்காவிலேயே இப்போது பிரார்த்தனையுடன் மருத்துவமும் சேர்ந்து நடைபெறுகிறது. வேண்டுதலுக்காக மருந்தை நிறுத்தலாகாது என்பதே நமது வேண்டுகோள்.

மருந்து ஏன் நிற்கிறது?

விதைத்தவுடன் கதிர் வருவதில்லை. மனச்சோர்வுக்குரிய மாத்திரை பயன் தரத் தொடங்குவதற்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். இதை அறியாதவர்கள் பத்தாம் நாளே பயனில்லை என்று நிறுத்திவிடுகின்றனர். குணமடைந்த பிறகும் குறைந்தது ஆறு மாதங்களுக்கு அம்மாத்திரையைத் தொடரவேண்டும். கடுமையான மனநோய்க்கு ஓராண்டுக்கு மேலும், சிலருக்குப் பல்லாண்டுகளும் மருந்து தேவைப்படும். எப்போது குறைப்பது, எப்போது நிறுத்துவது என்பதை டாக்டரே முடிவு செய்யவேண்டும்.

சில மருந்துகளால் கை நடுங்கும், உடல் விறைக்கும், பகலிலும் தூக்கம் வரும், எடை கூடும். இவற்றை டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார் அல்லது வேறு மருந்து தருவார். சொல்லாமல் நிறுத்திவிடுவதுதான் தவறு. மாத்திரை விழுங்க மறுப்பவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசிமருந்தும் உண்டு.

மருந்து நிற்பதற்கு மற்றொரு காரணம் நாட்கூலி. மருந்து இலவசமானாலும், மாதம் ஒருநாள் கூலியை இழந்து, நோயாளியையும் அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நிற்பது ஏழைக் குடும்பத்திற்குப் பெருஞ்சுமையாகும். போய்ச் சேர்ந்த நாளில் டாக்டர் இல்லையென்றாலோ, மாத்திரை இருப்பில் இல்லையென்றாலோ, அடுத்த மாதம் அக்குடும்பம் வருவதில்லை. ஆஸ்பத்திரியில் மாத்திரை இல்லாத சமயத்தில் மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ டாக்டர் சீட்டைக் காட்டினால், பல மாத்திரைகள் வெளிக்கடையைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

பிற இடங்களின் அனுபவம்

இச்சுமையைக் குறைக்கலாம் என்பதற்குச் சான்றுகள் உள. அண்டை மாநிலமான கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் நிம்ஹான்ஸ் நிலையத்தார் 1985 முதல் 1990 வரை ஒரு சோதனையை நடத்தினர். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கும் ஊழியர்களுக்கும் குறுகிய காலப் பயிற்சி அளித்து, இன்றியமையாத சில மருந்துகளை மட்டும் அங்கே வைத்தனர். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகாமலேயே கிராமத்து நோயாளிகள் சிகிச்சை பெற இயலும் என்பது அங்கே மெய்ப்பிக்கப்பட்டது. இன்றைய மாவட்ட மனநலத் திட்டம் அந்த விதையிலிருந்து முளைத்ததே.

சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய ஸ்கார்ப் என்னும் நிலையம், 2010 முதல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. சென்னையிலிருக்கும் டாக்டர் அந்த பஸ்ஸிலிருந்த திரையின் வழியே நோயாளியுடன் பேசினார். மருந்து பஸ்ஸிலேயே வழங்கப்பட்டது. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையத்தில், 1957 முதலே நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சை முறையைக் கற்றுக்கொள்ளும் வழக்கம் இருந்துவருகிறது.

கடல் கடந்த ஜிம்பாப்வே நாட்டின் அனுபவம் நமக்கு மிகவும் பொருந்தும். அந்நாட்டில் மனநல டாக்டர்கள் மிகச் சிலரே. டிக்சன் சிபாண்டா என்ற டாக்டர் 2006இல் ஹராரே நகரத்தில் 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்தின் வெளியே மரப் பலகைகளில் உட்காரவைத்தார். மனச்சோர்வுற்றோர் அப்பாட்டிமாரிடம் தம் குறையைச் சொல்லி, அடுத்துச் செய்யவேண்டிய ஒரு காரியத்தை முடிவு செய்துகொண்டு எழுந்து சென்றனர். ஆறு மாதங்களில் அவர்களுடைய நோய் வெகுவாகக் குறைந்ததை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. நமது ஊர்த் திண்ணைகளும் பாட்டிமார்களும் இதற்கு எவ்வகையில் குறைந்தவர்கள்?

பஞ்சாயத்தார் செய்யக்கூடியவை

முதலாவதாக, பஞ்சாயத்துப் பொறுப்பில் உள்ளோர் ஒருவரும், மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த ஒருவரும் இப்பணிக்கென முன்வரவேண்டும். கிராம சுகாதாரச் செவிலியருடன் சேர்ந்து, உதவி தேவைப்படும் குடும்பங்களை அவர்கள் அறிந்துகொள்ளட்டும். நோயாளிகளின் பெயர்களைக் கிராம சபையில் படிக்கவோ, பலகையில் எழுதவோ கூடாது. இரகசியம் காக்கும் ஊரில்தான் நோயாளி கதவைத் திறப்பார்.

இரண்டாவதாக, நாள் குறிக்கவேண்டும். வெள்ளிக்கிழமைகளில் சுற்றுப்புறத்துக் குடியானவர்கள் எப்படியும் குந்தாரப்பள்ளிக்கு வருகின்றனர். அந்நாளில் வண்டி வசதிக்கும் குறைவில்லை. மாதத்தில் ஒரு சந்தை நாளில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனநலக் குழுவினர் நோயாளிகளைப் பார்க்கவேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, மாவட்ட ஆட்சியருக்கும் சுகாதார அதிகாரிகளுக்கும் அனுப்பலாம். கூலி இழக்காமலேயே குடும்பங்கள் மருந்து பெற இதனால் வழி ஏற்படும்.

மூன்றாவதாக, அத்தகைய ஏற்பாடு கைகூடும் வரையில், நாலைந்து குடும்பத்தார் ஒரே நாளில் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குச் செல்ல ஏற்பாடு செய்யலாம். வழி தெரிந்த ஒருவர் உடன்சென்றால் முதல் முறை செல்வோரின் அச்சம் தீரும். மருந்து வாங்கும் நாளில் வராத குடும்பத்தை மறுநாளே விசாரிப்பது எல்லாவற்றிலும் முக்கியமாகும்.

நான்காவதாக, எந்த வீட்டிலேனும் சங்கிலி இருக்குமாயின், அவ்வீட்டாரைக் குற்றவாளிகளாக நடத்தாமல் அவர்களுக்குத் துணைநின்று சிகிச்சைக்கு வழிசெய்யவேண்டும். வேறு வழியறியாமல் பிணைத்தவர்களே பெரும்பாலோர். மருந்து வேலை செய்யத் தொடங்கினால் சங்கிலிக்கு அவசியம் இராது.

ஐந்தாவதாக, குணமடைந்து வருபவருக்கு வேலை கொடுக்கவேண்டும். ஆடு மேய்த்தல், நாற்று விடுதல், தோப்புக் காவல் போன்ற வேலைகளைக் கொண்டு தொடங்கலாம். நீண்ட நாள் நோயால் வேலை செய்ய இயலாதவர்கள் மாற்றுத்திறனாளி சான்றிதழ் பெறலாம். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி மனநோயும் அதற்குரியதே. அதற்கான விண்ணப்பத்தை எழுதித் தருவது பஞ்சாயத்தாருக்கு எளிய உதவி.

இவற்றில் எதற்கும் பெருந்தொகை தேவையில்லை. கட்டடம் தேவையில்லை. ஓராண்டில் ஓர் ஊரில் நாலு பேரே குணமடைந்தாலும், நாலு குடும்பங்கள் கடனிலிருந்து மீளும். நாலு தாய்மார்கள் இரவில் உறங்குவார்கள்.

அடுத்த கிராம சபை கூடும்போது குடிநீர், சாலை, விளக்கு ஆகியவற்றுடன் இப்பொருளையும் எடுத்துக்கொள்ளுமாறு பஞ்சாயத்து அங்கத்தினர்களை வேண்டுகிறோம். குடியானவப் பெருமக்களுக்கு நமது வேண்டுகோள் இது: வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், சந்தைக்கு ஆட்டை ஓட்டிச் செல்லுமுன் ஒருமுறை சுகாதார நிலையத்திற்குச் சென்று வாருங்கள். ஆட்டை விற்காமலேயே வைத்தியம் நடக்கலாம்.